இணையத்தில் தேர்தல் பிரசாரம்: யாழ்ப்பாணத்து வாக்காளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2024 இல் ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் வந்தன. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. அந்த நாட்களில் சனசமூக நிலையத்திலும் தேத்தண்ணிக்கடையிலும் வீட்டு விறாந்தைகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. அடுத்த தேர்தலுக்கும் இதே கேள்விகள் வரும் என்பதால் பதில்களை எழுதி வைக்கிறேன்.

இணையப் பிரசாரம் யாழ்ப்பாணத்தில் ஒரு முடிவையாவது மாற்றியிருக்கிறதா?

ஓர் ஆசனத்தைப் பற்றி நம்பிக்கையாகச் சொல்லலாம். 2024 நடுப்பகுதியில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் பதில் அத்தியட்சகராக இருந்த மருத்துவர் இராமநாதன் அர்ச்சுனா, வைத்தியசாலை நிர்வாகம் பற்றிய தன் குற்றச்சாட்டுகளை முகநூல் நேரலையில் சொல்லத் தொடங்கினார். அதற்கு முன் அரசியலில் அவர் பெயர் அடிபட்டதில்லை. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய சுயேச்சைக் குழு 17 யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் ஒன்றைப் பிடித்தது. 1944 இல் தொடங்கப்பட்ட தமிழ்க் காங்கிரஸுக்குக் கிடைத்த வாக்குகளும் இந்தக் குழுவுக்குக் கிடைத்த வாக்குகளும் கிட்டத்தட்டச் சமம். இரண்டுமே 28,000 க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கட்சி எண்பது ஆண்டுகளாகக் கட்டி வைத்த பெயரை நாலைந்து மாத நேரலைகள் எட்டிப் பிடித்தன. அவர் சொன்னவற்றில் எது சரி, எது பிழை என்பது வேறு விவாதம். பிரசாரம் நடந்த வழியைத்தான் இங்கே கவனிக்கச் சொல்கிறேன்.

தேசிய மக்கள் சக்தியின் வெற்றி அவ்வளவு நேரடியானது அல்ல. செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இந்த மாவட்டத்தில் அனுரகுமார திசாநாயக்கவுக்கு விழுந்தவை ஏறத்தாழ 27,000 வாக்குகள். இரண்டு மாதத்துக்குள் அவருடைய கட்சி 80,000 க்கு மேல் எடுத்து, 3 ஆசனங்களோடு முதலாவதாக வந்தது. அந்த வாரங்களில் அவருடைய பேச்சுகள் தமிழ் எழுத்தோடு சின்னச் சின்னத் துண்டுகளாக டிக்டொக்கில் ஓடின. பாசையூரில் அவர் பேசிய கூட்டமும் அப்படித்தான் வீடுகளுக்குள் வந்தது. ஆனால் புதிய ஜனாதிபதி மீதான எதிர்பார்ப்பும், தமிழ்க் கட்சிகள் உடைந்து தனித்தனியாகக் கேட்டதும், 34 ஆண்டுகளாக மூடியிருந்த பலாலி - அச்சுவேலி வீதி தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன் திறக்கப்பட்டதும் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணிக்கை. டிக்டொக்கால் வென்றார்கள் என்று ஒரே வரியில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

அப்படியென்றால் வீடு வீடாகப் போவதும் கூட்டம் வைப்பதும் முடிந்த கதையா?

இல்லை. உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு வட்டாரத்துக்குச் சில நூறு வீடுகள்தான். படலையைத் திறந்து உள்ளே வராத வேட்பாளருக்கு அங்கே வாக்கு விழுவது கஷ்டம்.

2010 இல் அமெரிக்கத் தேர்தல் நாளன்று 6 கோடி 10 இலட்சம் பேரை வைத்து முகநூலில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2012 இல் வெளிவந்தன. வாக்களிக்கச் சொல்லும் வெறும் அறிவித்தலைப் பார்த்தவர்களிடம் மாற்றமே தெரியவில்லை. அதே அறிவித்தலோடு, வாக்களித்துவிட்ட நண்பர்களின் முகங்களையும் பார்த்தவர்கள்தான் அசைந்தார்கள். அதன் தாக்கம் நெருங்கியவர்கள் வழியாகப் பரவி 3 இலட்சத்து 40 ஆயிரம் வாக்குகள் கூடியதாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். தெரிந்த முகம்தான் வாக்கை அசைக்கிறது. கட்சிகள் காசு கொடுத்துப் போடும் விளம்பரத்தை விட உங்கள் மச்சாள் பகிரும் பதிவுக்கு அதிகம் ஆசைப்படுவது இதனால்தான்.

பொய்ப் பிரசாரம் முன்பும் இருந்ததுதானே? இப்போது என்ன புதிது?

இருந்தது. அதற்கு எங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2013 செப்டம்பர் 21, வடக்கு மாகாண சபைத் தேர்தல் நாள். விடிகாலையில் 'உதயன்' பத்திரிகை போலவே அச்சடித்த போலிப் பத்திரிகை ஒன்று யாழ்ப்பாணத்தில் விநியோகிக்கப்பட்டது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசாங்கப் பக்கம் சேர்ந்துவிட்டார் என்பது அதில் வந்த செய்தி. வாக்களிப்புத் தொடங்கும் நேரம், மறுக்க அவகாசம் இல்லை என்று கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள்.

ஆனால் பொய் அவிழ்ந்துவிட்டது. உண்மையான உதயனும் அதே காலையில் கடைகளில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. பத்திரிகை நிறுவனம் உடனே மறுத்தது, சனம் ஆளுக்காள் சொல்லிக்கொண்டது. அனந்திக்கு 87,000 க்கு மேல் விருப்பு வாக்குகள் (கட்சிப் பட்டியலுக்குள் தனி வேட்பாளருக்குப் போடும் வாக்குகள்) விழுந்தன. மாவட்டத்தில் கூட்டமைப்பின் முதலமைச்சர் வேட்பாளர் விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடம் அவருக்கு.

இதே பொய் இன்று ஒரு குரல் பதிவாக வந்தால் நிலைமை வேறு. அச்சகம் தேவையில்லை, விநியோகிக்க வாகனம் தேவையில்லை. எந்த வீட்டுக்குப் போனது, எத்தனை பேர் கேட்டார்கள் என்பது வேட்பாளருக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எப்படிப் பதில் சொல்வது?

எனக்கு இதுதான் பெரிய கவலை. 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னபோது வடக்கின் நான்கு தொகுதிகளில் ஒருவர்கூட வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. அது நல்ல முடிவா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கலாம். ஆனால் அந்த வாதம் மேடையில் நடந்தது, பத்திரிகையில் நடந்தது. மறுத்துப் பேச விரும்பியவர் எழுந்து மறுக்க இடம் இருந்தது. முற்றவெளிக் கூட்டத்தில் ஒருவர் பொய் சொன்னால் அடுத்த கிழமை அதே முற்றவெளியில் மற்றவர் பதில் சொல்வார், இரண்டையும் ஒரே சனம் கேட்கும். வட்ஸ்அப் குழுவுக்குள் எதிர்த்தரப்பு வர வழியே இல்லை. முன்பெல்லாம் வேட்பாளரிடம் ஒரு கேள்வி கேட்க யாரையாவது பிடிக்க வேண்டும். இன்று நெடுந்தீவிலிருந்துகூட நேரலையில் கேட்கலாம். இந்த வசதியைத் தந்த அதே இணையம் பொய்யை எல்லோர் முன்னாலும் மறுக்கும் வாய்ப்பை எடுத்துக்கொண்டது.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் இன்னாருக்குப் போடு என்கிறார்கள். அவர்களுக்கு வாக்கு இருக்கிறதா?

இலங்கைச் சட்டத்தில் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழி இல்லை. ஆனால் இங்கே பிரசாரம் எப்படி நடக்க வேண்டும் என்பதை அவர்களும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள்.

ஒரு வேட்பாளரின் நேரலையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். நவம்பர் மாதம், யாழ்ப்பாணத்தில் இரவு எட்டரை. டொரொன்டோவில் காலை பத்து, லண்டனில் மாலை மூன்று. கொமென்ட் வேகமாக ஏறுகிறது. 'விடாதையுங்கோ அண்ணை', 'நாங்கள் பின்னால நிக்கிறம்' என்று எழுதுகிறவர்களில் நிறையப் பேர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள். இடையில் ஒருவர் 'குருநகர்ப் பக்கம் இந்திய இழுவைப்படகு வலை அறுக்குது, அதுக்கு என்ன செய்வியள்?' என்று கேட்கிறார். வேட்பாளர் மேலே வந்த பாராட்டை வாசித்து நன்றி சொல்கிறார். வலை பற்றிய கேள்வி ஏறி மறைந்துபோகிறது.

இதற்குப் புலம்பெயர்ந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஊரை விட்டுப் போனவர்கள் ஊரை நினைத்து ஃபோனைப் பிடித்துக்கொண்டு இருப்பது அன்பினால்தான். பிழை வேட்பாளருடையது. கைதட்டல் எங்கே அதிகமோ அங்கே பார்த்துப் பேசினால், வலிகாமம் வடக்கில் காணி கிடைக்காதவரும் மண்ணெண்ணெய் விலை பார்த்துக் கடலுக்குப் போகிறவரும் அந்தப் பேச்சில் இருக்க மாட்டார்கள். அடுத்த முறை ஒன்றுவிட்ட அண்ணா கனடாவிலிருந்து எடுத்தால், அவர் சொல்கிற வேட்பாளரிடம் உங்கள் ஊர்ப் பிரச்சினையை அவரையே கேட்கச் சொல்லுங்கள். அவருடைய கொமென்ட்டுக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம்.

யூடியூபில் வருவது செய்தியா, விளம்பரமா?

பெரும்பாலும் பார்க்கிறவருக்குத் தெரிவதில்லை. யூடியூபில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதோடு எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார்கள் என்பதும் வருமானத்தைத் தீர்மானிக்கும். கனடா, பிரித்தானியா, சுவிஸ் பார்வைக்கு இலங்கைப் பார்வையை விடக் காசு கூட. அதனால் சூடான தலைப்பும் சண்டையும் தேவைப்படுகின்றன. வேட்பாளரிடம் காசு வாங்கி எடுத்த பேட்டியா என்று பார்க்க ஒரு வழி: அந்தச் சனல் அதே தொகுதியில் எதிர்த்தரப்பு வேட்பாளரையும் பேட்டி கண்டதா, இரண்டு பேரிடமும் கஷ்டமான கேள்வி கேட்டதா என்று தேடுங்கள். எல்லாச் சனலையும் ஒரே தராசில் போட வேண்டாம். பத்திரிகைகள் போகாத ஒழுங்கைகளுக்குள் போய், சனத்தின் வாயாலேயே பிரச்சினையைச் சொல்ல வைத்த பெடியளும் இருக்கிறார்கள்.

இணைய விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழித்தார்கள் என்று பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். முகநூல், இன்ஸ்டகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு விளம்பர நூலகம் என்று ஒரு பொதுப் பக்கம் உண்டு. நாடு இலங்கை, வகை அரசியல் விளம்பரம் என்று தெரிவுசெய்து வேட்பாளரின் பெயரைப் போட்டால், காசு கட்டியவராகக் காட்டப்படும் பெயரும் செலவு எந்த எல்லைக்குள் என்பதும் எந்த வயதினருக்குப் போனது என்பதும் வரும். அரசியல் விளம்பரங்கள் அங்கே 7 ஆண்டுகள் இருக்கும். டிக்டொக் 2019 இலிருந்து காசு கட்டிய அரசியல் விளம்பரங்களை ஏற்பதில்லை என்கிறது. ஆனால் டிக்டொக் பிரபலம் ஒருவருக்குக் கையில் காசு கொடுத்துப் பேச வைத்தால் அது எந்த நூலகத்திலும் வராது.

சட்டமும் இருக்கிறது. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்த பிறகு செலவுக்கு உச்ச வரம்பு உண்டு. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அது ஒரு வாக்காளருக்கு 109 ரூபா. நாடு முழுவதற்கும் கூட்டினால் 186 கோடி ரூபாவுக்கு மேல். முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு அரசாங்கத்திடமோ, வெளிநாட்டில் பதிவான நிறுவனத்திடமோ, ஆள் யாரென்று தெரியாதவரிடமோ பணம் வாங்கக் கூடாது. முகநூல் பூஸ்டுக்கான, அதாவது பதிவைக் கூடுதல் பேருக்குக் காட்டக் கட்டும் காசை ஆதரவாளர் ஒருவர் பாரிஸில் இருந்து தன் வங்கி அட்டையில் கட்டினால் அது வேட்பாளரின் கணக்கில் ஏறுமா? உங்களிடம் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் இதைக் கேளுங்கள். கேட்கும்போது முகத்தைப் பாருங்கள்.

'அமைதிக் காலத்தில்' நான் பதிவு போடலாமா?

வாக்களிப்புக்கு முன் 48 மணி நேரத்துக்கு மேல் பிரசாரம் நிற்க வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் செப்டம்பர் 18 நள்ளிரவோடு பிரசாரம் முடிந்து, 21 ஆம் திகதி வாக்களிப்பு நடந்தது. ஜனாதிபதி, பாராளுமன்றத் தேர்தல் சட்டங்கள் 1981 இல் எழுதப்பட்டவை. எழுதியவர்கள் மனதில் இருந்தவை ஒலிபெருக்கியும் ஊர்வலமும். இப்போது சமூக ஊடகத்திலும் அந்த நேரத்தில் பிரசாரம் செய்யக் கூடாது என்று தேர்தல் ஆணைக்குழு அறிவுறுத்துகிறது. ஆகவே போட வேண்டாம். மேடையும் பத்திரிகையும் வாயை மூடியிருக்கும் அந்த இரண்டு நாளில்தான் வட்ஸ்அப் கூடுதலாகப் பேசும். 2023 இல் ஸ்லோவாக்கியாவில் வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன், இதே மாதிரி அமைதிக் காலத்தில், ஒரு கட்சித் தலைவரின் குரலைப் போலவே செய்யப்பட்ட போலி உரையாடல் பரவியது. தேர்தலை எப்படிக் களவாடுவது என்று அவர் பேசுவது போல இருந்தது அது. சட்டம் உண்மையைப் பேசுகிறவரைத்தான் கட்டிப்போட்டது.

செயற்கை நுண்ணறிவால் செய்த குரலையும் காணொளியையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம். விரல் ஆறு இருக்கும், உதடு பொருந்தாது என்றெல்லாம் சொல்வார்கள். அந்தக் குறைகள் மாதத்துக்கு மாதம் குறைகின்றன. 2018 இல் காலமான கலைஞர் கருணாநிதி 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரு மேடைத் திரையில் தோன்றிப் பேசினார். அதை அவருடைய கட்சிக்காரரே வெளிப்படையாகச் செய்தார்கள். மறைத்துச் செய்கிறவர்களுக்கும் அதே கருவிதான்.

வந்த வழியைப் பாருங்கள். வட்ஸ்அப்பில் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். அப்படி ஒரு குரல் பதிவு உங்கள் குடும்பக் குழுவுக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். 'தம்பி, தங்கச்சியவை, இது கொழும்பில பெரிய இடத்தில வேலை செய்யிற ஒராள் சொன்னது, உடன எல்லாருக்கும் அனுப்புங்கோ' என்று தொடங்குகிறது. பேசுகிறவரின் பெயர் இல்லை. என்றைக்குப் பேசியது என்று இல்லை. சொன்ன 'பெரிய இடம்' எது என்று இல்லை. அவசரம் மட்டும் இருக்கிறது. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் கேட்டதோடு நிறுத்துங்கள். அப்புறம், அந்த வேட்பாளரின் சொந்தப் பக்கத்தில் ஏதும் இருக்கிறதா, உள்ளூர்ப் பத்திரிகைகளில் இரண்டிலாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். இலங்கைச் செய்திகளைத் தமிழில் சரிபார்க்கும் ஃபேக்ட் கிரெசெண்டோ போன்ற தளங்களும் உண்டு.

அனுப்பியது பெரியப்பா. அவரை எப்படித் திருத்துவது?

குழுவுக்குள் எல்லோர் முன்னாலும் வேண்டாம். தனியாக எடுத்து, 'பெரியப்பா, இது ஆர் சொன்னது எண்டு தெரியுமோ? நான் தேடிப் பார்த்தனான், ஒரு இடத்திலயும் இல்லை' என்று சொல்லிப் பாருங்கள். பொய் என்று சொன்னால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். யார் சொன்னது என்று கேட்டால் அவரும் யோசிப்பார். மரியாதை குறையாமல் கேட்ட பிறகு குழுவில் அவரே திருத்தம் போட்டால் அதற்கு இருக்கிற மதிப்பு நீங்கள் போடுவதற்கு இருக்காது.

பெண்கள் இணையத்தில் பிரசாரம் செய்யத் தயங்குவது ஏன்?

கொமென்ட்டைத் திறந்து பாருங்கள், பதில் அங்கே இருக்கிறது. ஆண் வேட்பாளரைக் கள்ளன் என்று ஏசுகிறவர், பெண் வேட்பாளரின் உடுப்பு, குடும்பம், நடத்தை என்று போகிறார். படத்தை எடுத்து வெட்டி ஒட்டுகிறார்கள். வீட்டார் பார்த்துவிட்டு 'உனக்கு இது தேவையோ?' என்று கேட்கிறார்கள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு சட்டத்தில் இருப்பதால் அங்கே வருகிறார்கள். பாராளுமன்றத்துக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. 2024 இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து தெரிவான ஆறு பேரும் ஆண்கள். அரசியல் காரணங்கள் நிறைய இருந்தாலும், இந்த அசிங்கத்துக்கும் அதில் பங்குண்டு என்று நினைக்கிறேன். உங்களுக்குப் பிடிக்காத கட்சிப் பெண்ணாக இருந்தாலும் அப்படி ஒரு கொமென்ட்டைக் கண்டால் முறைப்பாடு செய்யுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். விருப்பு வாக்குக்காக ஒரே பட்டியலில் இருப்பவர்களே ஒருவரை ஒருவர் போலிப் பக்கங்களால் அடிப்பதும் நடக்கிறது, ஆகவே ஏசுகிறவர் எதிர்க்கட்சிக்காரர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

அரசாங்கம் சமூக ஊடகத்தை மூடலாமா?

மூடியிருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போது, 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின், 2022 ஏப்ரலில் சனம் தெருவுக்கு இறங்கியபோது. 2018 வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. வெறுப்பைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவின் கையில் கொடுக்கிறது. போர்க்காலத்தில் தொலைபேசியும் பாதையும் மூடப்பட்டு வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்கு, ஒரு பொத்தானில் எல்லாம் நின்றுபோவது என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

நான் பிரதேச சபைக்குக் கேட்கப் போகிறேன். காசு இல்லை. இணையத்தில் என்ன செய்யலாம்?

பூஸ்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். உங்கள் வட்டாரத்துக்கு வெளியே போகும் பார்வைக்கு வாக்கு இல்லை. உடைந்த மதகு, எரியாத வீதி விளக்கு, மழைக்கு வெள்ளம் நிற்கும் ஒழுங்கை என்று ஒன்றை எடுத்து, அங்கேயே நின்று இரண்டு நிமிடம் பேசுங்கள். அதைச் சரிசெய்யும் அதிகாரம் பிரதேச சபைக்கு இருக்கிறதா, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கா என்று முதலில் விசாரித்துவிட்டுப் பேசுங்கள். முடியாததை வாக்குறுதியாகக் கொடுத்த காணொளி ஐந்து ஆண்டுக்குப் பின்னும் இருக்கும். பின்னர் கிழமையில் ஒரு நாள் சனசமூக நிலையத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கேள்விக்கும் நேரலையில் வரும் கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லுங்கள். உங்களைப் பற்றிப் பரவும் பொய்யை நீங்களே வாசித்து அங்கே மறுக்கலாம். எதிர் வேட்பாளரையும் கூப்பிடுங்கள். வந்தால் இரண்டு பேரையும் சனம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்.

பிழையான செய்தி ஒன்றைப் பகிர்ந்துவிட்டேன். அழித்தால் போதுமா?

போதாது. வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழிக்கும் வசதி ஏறக்குறைய இரண்டரை நாளுக்குத்தான் வேலை செய்யும். அதற்குள் யாராவது மற்றவருக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பிரதி அங்கேயே இருக்கும். அழித்துவிட்டு, அனுப்பிய அதே குழுவில் 'காலையில் நான் போட்டது பிழை, உண்மை இது, அனுப்பியவர்கள் இதையும் அனுப்புங்கோ' என்று எழுதுங்கள். வாக்களிப்பு நிலையம் மாறிவிட்டது, இன்னார் விலகிவிட்டார் என்பது போன்ற செய்தியாக இருந்தால் திரைப்பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் தேர்தல் காலத்தில் இயங்கும் முறைப்பாட்டுப் பிரிவுக்கும் பெஃப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புக்கும் அன்றைக்கே அறிவியுங்கள். யாரிடமிருந்து உங்களுக்கு வந்தது என்பதையும் சொல்லுங்கள்.